ஸ்ப்ளிட் ஏசி பொருத்தும் சேவை: ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்

ஏசி வாங்கும்போது பெட்டியில் வருவது பாதி ஏசிதான். மீதிப் பாதியைச் சுவரில் வைத்துச் செய்கிறார்கள். காப்பர் பைப்பை அளந்து வெட்டி, முனையை விரித்து, நட் போட்டு முடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அவுட்டோரில் அடைத்து வைத்திருக்கும் கேஸைத் திறந்துவிட்ட பிறகுதான் அது ஏசி ஆகிறது. ஆலையில் போட்ட மூட்டுகளை அங்கேயே கசிவு பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் போடும் மூட்டுகள் நான்கு: இன்டோர் பக்கம் இரண்டு, அவுட்டோர் பக்கம் இரண்டு. "மெஷின் சரியில்லை" என்று பொருத்தியவரும், "பொருத்தினது சரியில்லை" என்று கம்பெனியும் பந்தை மாற்றி மாற்றி உதைக்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்த நான்கு நட்டைச் சுற்றித்தான்.

ஆகவே இது எந்த மாடலைப் பற்றிய விமர்சனமும் அல்ல. ஏசியோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சேவையைப் பற்றியது. ஸ்டாண்ட் அடிப்பது, ரசமட்டம் வைத்து இன்டோரை மாட்டுவது, ரிமோட்டைக் கொடுத்து விளக்குவது, இதிலெல்லாம் குறை சொல்ல அதிகம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் ஒழுங்காகவே நடக்கிறது. மதிப்பெண் சரிவது கண்ணுக்குத் தெரியாத மூன்றில்: ஃப்ளேர் (பைப் முனையை விரித்து நட்டால் இறுக்கும் மூட்டு), வேக்கம் (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), கேஸின் எடை. பிற்பாடு தகராறு என்று வந்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டியதும் இந்த மூன்றுக்கே.

ஃப்ளேர்: கையின் கனத்தை நம்பி

பைப்பைக் கட்டரால் சுற்றிச் சுற்றி நேராக வெட்ட வேண்டும். பையிலிருந்து ஹேக்ஸா பிளேடு வெளியே வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்; செம்புத் தூள் உள்ளே விழுந்தால் அது போய்ச் சேரும் இடம் கம்ப்ரசர். கட்டரால் வெட்டினாலும் விளிம்பின் உள்பக்கம் பிசிறு நிற்கும். அதை ரீமரால் (பிசிறு சுரண்டும் கருவி) எடுக்கும்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். முனையை விரிக்கும் முன்பே நட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். (மறந்துபோய் விரித்துவிட்டு, முனையை வெட்டி மறுபடி செய்வது நல்ல மெக்கானிக்குக்கும் நடப்பதுதான். அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.)

விரித்த வாய்க்கு அளவு உண்டு. ஆர்-32, ஆர்-410ஏ என்ற புது வகை கேஸ் போட்ட மெஷின்களில் கால் அங்குல பைப்பின் வாய் வெளிவிட்டம் 8.7 முதல் 9.1 மி.மீ., அரை அங்குல பைப்புக்கு 16.2 முதல் 16.6 மி.மீ. பழைய கேஸான ஆர்-22 காலத்துப் பழக்கத்தில் விரித்தால் வாய் சிறியதாக வரும். முனையை விரிக்கும் கருவி புது வகை கிளட்ச் டூல் என்றால் பைப்பை டைக்கு (பைப்பைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) மேல் 0 முதல் 0.5 மி.மீ. நீட்டினால் போதும், பழைய கிளட்ச் டூலையே வைத்து வேலை செய்தால் 1.0 முதல் 1.5 மி.மீ. நீட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் போட்ட ஃப்ளேர் முதல் நாள் பிடித்துக்கொள்ளும், பிறகு விடும். காரணம் அழுத்தம். கண்டென்சர் (அவுட்டோரில் சூட்டை வெளியே விடும் சுருள்) 50 டிகிரியில் இருக்கும்போது ஆர்-22 சுமார் 18 பார் அழுத்தம் கொடுக்கும். ஆர்-32 சுமார் 30 பார். பழைய ஃப்ளேர் தாங்கியது என்பதற்காகப் புதியதும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது முடுக்குவது. கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலம், அதாவது 9.52 மி.மீ. பைப்பின் நட்டுக்கு 33 முதல் 42, அரை அங்குலத்துக்கு 50 முதல் 60. முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. "முப்பது வருஷமா கையாலதான் போடுறேன்" என்பது அனுபவம், அளவு ஆகாது. கால் அங்குல நட்டும் அரை அங்குல நட்டும் கேட்கும் பலத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே ஸ்பேனர், ஒரே கை என்றால் சின்ன நட்டு அளவுக்கு மீறி முடுக்கப்படும், பெரிய நட்டு குறைவாக நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது: குறைவாக முடுக்கியது உடனே கசியும், சோப்புத் தண்ணீரில் தெரியும், அங்கேயே சரிசெய்துவிடலாம். அளவுக்கு மீறி முடுக்கியது அப்படி அல்ல. செம்பின் வாய் மெலிந்து, அல்லது பித்தளை நட்டில் மயிரிழை விரிசல் விழுந்து, சூடும் குளிரும் மாறி மாறி ஏறி, சில மாதம் கழித்துக் கசியும். பொருத்தியதற்குக் கொடுத்த உத்தரவாதக் காலம் அதற்குள் முடிந்திருக்கும். "அன்னைக்கு நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பதில் பிறப்பது இங்கேதான்.

திரெட்டில் வெள்ளை டேப் சுற்றினால் அது தண்ணீர்க் குழாய் வேலை. ஃப்ளேரில் அடைப்பது திரெட் அல்ல, செம்பின் சரிவான வாயும் அது உட்காரும் கூம்பும். வாயின் உள்பக்கம் ஒரு துளி கம்ப்ரசர் ஆயில் தடவினால் போதும்.

வேக்கம்: கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கேஜைப் பாருங்கள்

சேவையின் மிக மோசமான பகுதி இது. தனியாக மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஒன்று.

ஐந்து மீட்டர் நீளத்தில் கால் அங்குல பைப்பும் அரை அங்குல பைப்பும் போனால் அவற்றுக்குள் மட்டும் அரை லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். இன்டோர் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் பைப் சுருள்) இருப்பது தனி. அந்தக் காற்றோடு ஈரமும் இருக்கிறது. காற்று கண்டென்சரில் குளிர்ந்து திரவமாவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும்; கரண்ட் கூடும், குளிர் குறையும். ஈரம் இதைவிட மெதுவான எதிரி. இந்த கேஸ்களோடு வரும் பாலியால் எஸ்டர் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, சிதைந்து, அமிலமாகும். அமிலம் மோட்டார் சுருளின் பூச்சை அரிக்கும். இதன் பில் வருஷம் கழித்துக் கம்ப்ரசர் வடிவில் வரும், அப்போது யாரும் பொருத்திய நாளை நினைக்க மாட்டார்கள்.

சரியான வழி: இரண்டு கட்ட வேக்கம் பம்பை வைத்து, மைக்ரான் கேஜில் (மிச்சமுள்ள மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் கருவி; எண் குறையக் குறைய வேக்கம் நல்லது) 500-க்குக் கீழே இறக்கி, பம்பைத் துண்டித்து, பத்து நிமிஷமாவது பார்த்திருப்பது. முள் சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் பாக்கி, இன்னும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. சாதாரண நீல நிறக் கேஜில் இது தெரியாது. 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதே சுமார் 23,800 மைக்ரானில்தான். அந்தக் கேஜின் முள் அதற்கு முன்பே கோட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது முள் "முழு வேக்கம்" என்று சொல்லும் நேரத்தில் ஈரம் இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

நடைமுறையில் நடப்பது வேறு. பம்ப் வண்டியிலேயே இருக்கும். அவுட்டோர் வால்வை ஒரு நொடி திறந்து, கேஸை உள்ளே விட்டு, மறுபக்க நட்டைத் தளர்த்தி "புஸ்" என்று காற்றை வெளியே தள்ளிவிட்டு முடுக்கிவிடுவார்கள். ஒரு நிமிஷ வேலை. இதில் ஈரம் போவதில்லை, காற்றும் முழுசாகப் போவதில்லை, எடை பார்த்து அடைத்த கேஸில் எவ்வளவு போனது என்று சொல்லவும் ஆளில்லை. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை என்பதை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேக்கத்துக்கு முன்னால் நைட்ரஜன் அழுத்தச் சோதனை என்று ஒன்று உண்டு. நிறுவல் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு, ஆர்-32-க்கு சுமார் 40 பார் வரை, படிப்படியாக ஏற்றி நிறுத்திவைப்பது. நேரம் ஆக ஆக வெப்பநிலை மாறினால் அழுத்தமும் மாறும். 40 பாரில் ஒரு டிகிரிக்கு 0.1 பாருக்குச் சற்று மேல். அந்தக் கணக்கைத் தாண்டி இறங்கினால்தான் கசிவு. நைட்ரஜன் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

கேஸ்: எடையா, அழுத்தமா

வீட்டு ஏசியில் மொத்த கேஸே பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான். அதில் நூறு கிராம் குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு. அவுட்டோரின் பெயர்ப் பலகையில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அந்த எடை எவ்வளவு நீள பைப்புக்குப் போதும் என்பது கையேட்டில் இருக்கும்; 5 மீட்டர் அல்லது 7.5 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கால் அங்குல லிக்விட் பைப் (இரண்டில் சின்ன பைப்) உள்ள பல மாடல்களில் அது 20 கிராம். ஆகவே 5 மீட்டர் எல்லை உள்ள மெஷினுக்கு 9 மீட்டர் பைப் போட்டால் 80 கிராம் சேர்க்க வேண்டும், எடைத் தராசு வைத்து.

தராசு இல்லாமல் கேஜில் அழுத்தம் பார்த்து "சரியா இருக்கு" என்பது இன்வெர்ட்டர் ஏசியில் செல்லாது. கம்ப்ரசர் வேகம் மாறினால் அழுத்தமும் மாறுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கேஸுக்கும் எண் வேறு: காயில் 5 டிகிரியில் இருக்கும்போது ஆர்-22 சுமார் 70 பிஎஸ்ஐ காட்டும், ஆர்-32 சுமார் 123 காட்டும்.

டிரெயினும் மற்றதும்

இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுவது பெரும்பாலும் டிரெயின் பைப்பின் சரிவு பற்றியது. நூறுக்கு ஒன்று சரிவாவது வேண்டும்: மூன்று மீட்டர் பைப் என்றால் மூன்று சென்டிமீட்டர் இறக்கம். நடுவில் எங்கும் மேலே ஏறக் கூடாது, முனை தண்ணீருக்குள் முங்கக் கூடாது. சுவர் ஓட்டையே வெளிப்பக்கம் 5 மி.மீ. அளவு தாழ்ந்து இருக்க வேண்டும். சோதிக்க ஒரு லிட்டர் தண்ணீர் போதும். முன்மூடியைக் கழற்றித் தட்டில் மெதுவாக ஊற்றி, வெளியே வருவதைப் பார்ப்பது. இதைச் செய்யாமல் கிளம்பும் ஆட்களே அதிகம் என்பது வியப்பு, ஏனென்றால் மொத்த வேலையில் இது ஒன்றுதான் செலவே இல்லாத சோதனை.

இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் போட வேண்டும். விரிவு வால்வு (கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிர வைக்கும் வால்வு) அவுட்டோரில் இருக்கும் மெஷின்களில் சின்ன பைப்பும் குளிரும், வியர்க்கும். இரண்டையும் ஒரே உறையில் சேர்த்துச் சுற்றியிருந்தால் ஒன்றின் குளிர் மற்றதற்கு. அவுட்டோருக்குப் பின்னால் 10 சென்டிமீட்டராவது இடம், முன்னால் தடையில்லாத வெளி. ஊதும் சூடு திரும்பி வந்து பின்பக்கம் ஏறினால் எந்த மெஷினும் திணறும்.

வயரிங்கில் மூன்றே விஷயம்: தனி பிரேக்கர், எர்த், இன்டோர் அவுட்டோர் இடையே ஒட்டுப் போடாத ஒரே நீள வயர். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் இரண்டு யூனிட்டும் பேசிக்கொள்ளும் சிக்னல் கெட்டு எர்ரர் கோடு வரும். போர்டு போயிற்று என்று தவறாக முடிவுகட்டுவார்கள்.

சண்டை வரும்போது என்னென்ன சொல்வார்கள்

"சார், கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொப்பிவிட்டா ஐஸ் மாதிரி அடிக்கும்." இதுதான் முதல் பதிலாக வரும். இதைச் சொன்னதுமே அவர் உங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீராது. மூடிய சுற்றில் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தது என்றால் எங்கோ வெளியேறியது, அல்லது ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தது. ரொப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இடத்தில் கசிகிறது? இடத்தைக் காட்டாமல் ரொப்பினால் சில வாரத்தில் அதே உரையாடல் திரும்ப நடக்கும், இந்த முறை ஏசி உத்தரவாதமும் உங்கள் பொறுமையும் சற்று தேய்ந்த நிலையில்.

"ரூம் பெருசு மேடம், இந்த டன் தாங்காது." இதை ஒரு வெப்பமானி வைத்து முடிக்கலாம். ஜன்னலை மூடி, ஃபேனை உச்சத்தில் வைத்து, ரிமோட்டில் மிகக் குறைந்த டிகிரியைப் போட்டு 20 நிமிஷம் ஓட விடுங்கள். மேலே உள்ளே இழுக்கும் காற்றையும், கீழே வெளியே தள்ளும் காற்றையும் அளந்து கழியுங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்து, அறை மட்டும் குளிரவில்லை என்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வித்தியாசமே 3, 4 டிகிரிதான் என்றால் அறையின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்றில் ஈரம் மிக அதிகமாக இருந்தால் நல்ல மெஷினிலும் வித்தியாசம் சற்றுக் குறையும், அதைக் கழித்தே பேச வேண்டும். அதே நேரத்தில் அவுட்டோரின் சின்ன பைப்பைப் பாருங்கள். நட்டுக்கு அருகே வெள்ளையாகப் பனி கட்டியிருந்தால் கேஸ் குறைவுக்கு நல்ல அடையாளம். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்னும் நல்லது. கேஸ் வெளியேறும்போது ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும்.

"இது மெஷின் கோளாறு, கம்பெனியைக் கேளுங்க." ஆலையின் மூட்டு கசிந்ததா, வீட்டில் போட்ட மூட்டு கசிந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லிவிட முடியும். கேஸை மீட்டெடுத்த பிறகு அவுட்டோர் வால்வுகள் இரண்டையும் மூடினால், சர்வீஸ் போர்ட் (அவுட்டோர் வால்வில் கேஜை மாட்டும் வாய்) பைப் பக்கத்தோடு மட்டும் இணைந்திருக்கும். அதன் வழியே நைட்ரஜன் ஏற்றினால் பைப்பும் இன்டோரும் தனியாகச் சோதிக்கப்படும். அழுத்தம் நின்றால் சந்தேகம் அவுட்டோர் மீது. இறங்கினால், சோப்புத் தண்ணீர் நுரை எங்கே பூக்கிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்தது. நட்டில் பூத்தால் பொருத்தியவர் பொறுப்பு, காயிலில் பூத்தால் தயாரித்தவர் பொறுப்பு. சர்வீஸ் போர்ட்டின் உள்ளே இருக்கும் சிறு வால்வு முள் கசிவதும் உண்டு. அதன் மூடியையும் இரண்டு வால்வு மூடிகளையும் கையால் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த மூடிகளும் அடைப்பின் ஒரு பகுதி, ஸ்பேனர் வைத்தே முடுக்க வேண்டியவை.

ஒரு எச்சரிக்கை. பெரிய கசிவு இருக்கும் நிலையில் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே கேஸை அவுட்டோருக்குள் இழுக்கும் "பம்ப் டவுன்" வேலையை அனுமதிக்காதீர்கள். கசியும் இடம் வழியாகக் காற்று உள்ளே போய், ஆயிலோடு சேர்ந்து அழுந்தி, அவுட்டோர் வெடிக்கும் அபாயம் உண்மையானது. மீட்டெடுக்கும் இயந்திரத்தால்தான் எடுக்க வேண்டும்.

புகாரை எழுதும் விதம்

"சரியா குளிரல, வந்து பாருங்க" என்று எழுதினால் வந்து பார்த்துவிட்டு ஃபில்டரைக் கழுவிவிட்டுப் போவார்கள். எண்ணில் எழுத வேண்டும்: இரண்டு யூனிட்டின் சீரியல் எண், பொருத்திய தேதி, பைப் நீளம், உள்ளே வெளியே காற்றின் டிகிரி, அளந்த நேரம், பனியோ எண்ணெயோ தெரியும் இடத்தின் படம். "வேக்கம் எத்தனை மைக்ரான் வரை இறக்கப்பட்டது, கூடுதல் கேஸ் எத்தனை கிராம் சேர்க்கப்பட்டது, எழுத்தில் தெரிவிக்கவும்" என்ற ஒரு வரியை விடாதீர்கள். பதில் வந்தால் அது ஆவணம். வராவிட்டால் அதுவும் ஆவணமே.

திரும்ப வந்து செய்யும் வேலைக்கும் வரையறை கேளுங்கள்: மீதமுள்ள கேஸை முழுவதும் எடுப்பது, நான்கு ஃப்ளேரையும் வெட்டிப் புதிதாகப் போடுவது, விரிசல் சந்தேகமுள்ள நட்டை மாற்றுவது, நைட்ரஜன், வேக்கம், பிறகு பெயர்ப் பலகை எடையும் பைப்புக்கான கூடுதலும் சேர்த்துத் தராசில் ஏற்றுவது. கசிந்த ஒரு நட்டை மட்டும் இன்னொரு சுற்று முடுக்கிவிட்டுப் போவது வேலை ஆகாது. ஏற்கெனவே மெலிந்த செம்பு அதில் இன்னும் மெலியும். டார்க் ரெஞ்சும் மைக்ரான் கேஜும் தராசும் வண்டியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஃபோனில் கேட்டுவிடலாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்து, 20 நிமிஷம் ஓட்டி அளந்த பிறகே "வேலை முடிந்தது" என்ற தாளில் கையெழுத்து.

அதுவரை வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த நட்டுகளைத் தொட விடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்கலாம், அளக்கலாம், நுரை வைத்துப் பார்க்கலாம். ஒரு முறை ஸ்பேனர் வைத்துத் திருகிவிட்டால் முதலில் யார் எவ்வளவு முடுக்கினார் என்பது மறைந்துவிடும், பழைய ஆள் சொல்ல வேண்டிய பதிலைப் புது ஆளின் தலையில் கட்டிவிடுவார். அவசரம் என்று பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வெட்டி எடுத்த பழைய ஃப்ளேர் முனைகளைத் தூக்கிப் போடாமல் எந்த நட்டினுடையது என்று எழுதி ஒரு கவரில் வையுங்கள். விரிசலும், ஒருபக்கம் சாய்ந்த வாயும், கால் அங்குல முனையில் 8.7 மி.மீ.-க்குக் குறைந்த விட்டமும் அதில் அப்படியே இருக்கும்.